சுருக்கிச் சொன்னவள்

மார்ச் 4, செவ்வாய்
மின்நிலையத்துக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிக்காரர்கள் வியாழக்கிழமை வருகிறார்களாம். மாடு மேய்க்கும் எங்கள் மாசாய்க் குடிகளை இங்கிருந்து கிளப்பி வேறு இடத்தில் வீடு கொடுப்பது ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரிப்பார்களாம். மொழிபெயர்ப்பு நான். "சுருக்கமா சொல்லும்மா செலெய்னா, வளவளன்னு இழுக்காத," என்றார் மின்நிலையக் கம்பெனி மேனேஜர். சம்பளம் கொடுப்பவர். தலையாட்டினேன்.

பக்கத்துக் குடிசை நமுன்யாக் அக்காவுக்கு வீடு ஒதுக்கவில்லை. புருஷன் இல்லாதவள். கணக்கெடுக்க வந்தவர்கள் ஆண் பெயர் கேட்டு, இல்லையென்றதும் போய்விட்டார்கள்.

மார்ச் 6
வங்கிக்காரர்கள் வந்தார்கள்.

கூட்டத்தில் கோல் வைத்திருப்பவர்தான் பேசலாம். பெரியவர்களே பேசினார்கள். திடீரென்று அக்கா எழுந்து கொழுந்தன் கையிலிருந்த கோலைப் பிடுங்கிக்கொண்டாள். "என் மாட்டை எண்ணினீங்க, ஆட்டை எண்ணினீங்க. பக்கத்துல நின்ன என்னை எண்ணல. என் பிள்ளைங்க எங்க படுக்கும்? கடன் குடுக்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" இன்னும் என்னென்னவோ. மேனேஜர் என்னையே பார்த்தார். நான் ஆங்கிலத்தில், "வீடு வேண்டுமாம்," என்றேன்.

வங்கியிலிருந்து வந்த அம்மாளுக்குச் சந்தேகம். "இவ்வளவு நேரம் பேசினாரே?"

"அதேதான்," என்றேன். பாவி நான்.

திரும்பும்போது அக்கா கேட்டாள்: "நான் அவ்வளவு பேசினேன், நீ ஒரே மூச்சுல முடிச்சிட்டியே. இங்கிலீஷ் அவ்வளவு சின்ன பாஷையாடி?"

மார்ச் 7
தூக்கமில்லை.

மார்ச் 19
புல்டோசர் வந்தது. அக்காவின் குடிசை போயிற்று. வங்கிக்காரர்கள் திருப்தியாகப் போனார்களாம், மேனேஜரே சொன்னார். அக்காவும் பிள்ளைகளும் இப்போது என் அப்பா பெயரில் ஒதுக்கிய புது வீட்டில், என்னோடு. நான் சுருக்கியதை அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலை — எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டாள். என்னை நம்பித்தானே அன்று எழுந்தாள்?

ஏப்ரல் 2
அந்த வங்கியிலேயே புகார் பிரிவு ஒன்று உண்டாம். குறைந்தது இரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும். ஆண்கள் நழுவிவிட்டார்கள். முதல் பெயர் அக்கா. இரண்டாவது நான். நான் விழுங்கியதையும் சேர்த்தே எழுதினேன்.

ஏப்ரல் 10
வேலை போயிற்று. போகட்டும்.

ஜூலை 15
புகார் பிரிவினர் வந்தார்கள். மொழிபெயர்க்க நைரோபியிலிருந்து புது ஆள். நான் பெண்களோடு தரையில். அக்கா கோலை வாங்கி எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். கடைசியில், "இனிமே யாருக்குக் கடன் குடுத்தாலும் முதல்ல அங்க இருக்கறவங்களக் கேக்கணும், பொம்பளையையும் எண்ணணும்னு உங்க சட்டத்துல எழுதுங்க," என்றாள்.

அந்த ஆள் இரண்டே வரியில் முடித்தார்.

எழுந்துவிட்டேன். "தம்பி, மாட்டை விட்டுட்டீங்க, ஆட்டை விட்டுட்டீங்க, சட்டத்தையும் விட்டுட்டீங்க. முதல்லேருந்து சொல்லுங்க." அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

வீடு கிடைக்குமோ கிடைக்காதோ, தெரியாது. அக்கா கோலைக் கைமாற்றாமல் நின்றாள். அந்த ஆள் முதலிலிருந்து சொன்னார். இந்த முறை வெகுநேரம் பிடித்தது.