புது பைத்தானும் மாதம் முழுக்க சி ஷிஃப்ட்டும்

ஜூன் 10, 2019. திங்கள்.

வெயில். கத்திரி முடிந்துவிட்டதென்று வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் கரித்தூள். மறுபடி துவைக்கணும்.

பத்தரைக்குப் போன். பள்ளிக்கூடத்திலிருந்து! வெள்ளிக்கிழமை டெமோ வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ், புதுப் புத்தகம், பைத்தான் மொழி. நான் பி.எஸ்ஸி. முடித்துப் பதினோரு வருஷம். இந்த வேலை எனக்கு வேண்டும். வேண்டும். வேண்டும். மூன்று தடவை எழுதியாச்சு.

நடத்தப்போவது, நானே எழுதிய ஷிஃப்ட் ப்ரோக்ராம். தேதியைக் கொடுத்தால் அன்றைக்குக் காலை ஏ-வா, மதியம் பி-யா, இரவு சி-யா என்று சொல்லும். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட்; ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் எப்போதும் பகல், ஜெனரல். நாள் கணக்கை ஏழால் வகுத்தால் மூன்று வாரச் சுற்றில் எத்தனையாவது வாரம் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். இரண்டு மாதமாக ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

இவருக்கு மைன்ஸில் நிலக்கரி தூக்கும் பெல்ட்டுக்கு மெக்கானிக் வேலை, இந்த வாரம் ஏ. இரண்டரைக்கு வந்ததும் சொன்னேன். "டீச்சரம்மா, சோறு போடறீங்களா?" கிண்டல்தான். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

ஜூன் 11, செவ்வாய்.

காலையிலேயே வம்பு. சும்மா ஒரு சோதனை. ப்ரோக்ராம் எழுதும் எடிட்டரில் பைத்தானின் வெர்ஷன் என்ன என்று கேட்டேன். 2.7. அதையே வெளியே கறுப்புத் திரையில் கேட்டேன். 3.6.

ஒரே லேப்டாப்பில் இரண்டு பைத்தான்! தம்பி கொடுத்த பழைய லேப்டாப், பழைய பைத்தான் அதிலேயே இருந்திருக்கிறது. ஏப்ரலில் நான் புதியதை ஏற்றினேன். எடிட்டரோ பழையதை விடவே இல்லை. இரண்டு மாதமாகப் பழையதில் ஓட்டிக்கொண்டு, புதுசு கற்கிறேன் என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். புத்தகம் முழுக்கப் புதியது.

செய்தவை:
– புதியதை அழித்து மறுபடி ஏற்றினேன். ம்ஹும்.
– அணைத்துப் போட்டேன். ம்ஹும்.
– எடிட்டரின் செட்டிங் கோப்பைத் திறந்து, புது பைத்தான் இருக்கும் இடத்தை எழுதினேன். சிவப்பில் நாலு வரி திட்டு.
– திட்டைப் பொறுமையாகப் படித்தேன். ஃபோல்டர் வரைக்கும் எழுதிவிட்டுக் கோப்பின் பெயரை விட்டிருக்கிறேன். விலாசத்தில் ப்ளாக் எழுதிவிட்டு க்வார்ட்டர்ஸ் நம்பர் எழுதாத கதை.

சேர்த்தேன். ஓட்டினேன். 3.6!!! கத்தியே விட்டேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது, பிடிக்கட்டும்.

அதே கையோடு ஷிஃப்ட் ப்ரோக்ராமை ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. எதிர் க்வார்ட்டர்ஸ் ஸ்டெல்லா அக்கா இந்த மாத ஷிஃப்ட் சீட்டு கேட்டிருந்தார். அவர் வீட்டுக்காரரைப் போன வாரம் வேறு க்ரூவில் போட்டிருக்கிறார்கள், புது முறை அக்காவுக்குப் பிடிபடவில்லை. மந்தாரக்குப்பம் கடையில் பிரிண்ட் எடுத்து, மடித்தபடியே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நான் கெட்டிக்காரிதான்.

ஜூன் 12, புதன்.

கெட்டிக்காரி இல்லை.

காலையில் அக்கா வந்தார். ஒரு கையில் பலாச்சுளை, ஒரு கையில் என் சீட்டு.

"இன்னாடி வசந்தி, மாசம் பூரா நைட்டுன்னு போட்டுக்குது? அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரேன்னாங்க பண்ருட்டிலேர்ந்து. அவரு பகல்ல தூங்கிக்கினு இருப்பாரு, அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லிட்டேன். அவரு காலைல வேல முடிஞ்சு வந்து, 'எவ சொன்னா உனக்கு, அந்த வாரம் எனக்கு ஏ ஷிஃப்ட்டு'ன்றாரு!"

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு திங்களும் சரி. மற்ற நாளெல்லாம் சி, சி, சி. எந்த மனுஷனுக்கு மாதம் முழுக்க சி போடுவார்கள்? ஊரில் நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் அந்த வீட்டுக்கு ஆள் வரக்கூடாது, மிக்ஸி போடக்கூடாது. அக்கா என்ன செய்வார், பாவம்.

அக்காவை உட்கார வைத்தே தேடினேன். கிடைத்துவிட்டது. பழைய பைத்தான் எட்டை ஏழால் வகுத்தால் ஒன்று என்று முடித்துவிடும். புதியது ஒன்றே சொச்சம் என்று மிச்சத்தையும் வைத்துக்கொள்கிறது. நான் எழுதியதோ: பூஜ்யமா, ஏ. ஒன்றா, பி. இரண்டும் இல்லையா, சி. ஒன்றே சொச்சம் ஒன்று இல்லையே! எல்லாம் சி-யில் போய் விழுந்திருக்கிறது. வகுத்தல் கோடு ஒன்று போட்ட இடத்தில் இரண்டு போட்டேன், சொச்சம் போச்சு. சரியாகிவிட்டது.

பண்ருட்டிக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். சொன்ன ஞாயிறே வருகிறார்களாம். அப்பாடா.

ஜூன் 13, வியாழன்.

"வேற ஏதாச்சும் சின்ன ப்ரோக்ராமா நடத்தேன், எதுக்கு வம்பு" என்கிறார் இவர். கோபம் வந்தது. பயமும்தான். தப்பாய் வந்த சீட்டையே காட்டப்போகிறேன். மாட்டேன். காட்டப்போகிறேன்.

நீலப் புடவை. இஸ்திரி. மார்க் ஷீட் நகல். பேனா.

ஜூன் 14, வெள்ளி.

பள்ளிக்கூடத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

லேப். நாற்பது பிள்ளைகள், பின்னால் ஹெச்.எம். முதல் வேலையாக எடிட்டரில் வெர்ஷனைக் கேட்டேன். 2.7! அங்கேயும்! கறுப்புத் திரையில் கேட்டால் 3.6.

ஹெச்.எம். எழுந்தே விட்டார். "எங்க மிஷின்ல புது வெர்ஷன் இல்லைன்னாங்களே?"

"இருக்குங்க மேடம். எடிட்டருக்குத்தான் தெரியலை."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். செட்டிங் கோப்பு, இடம், கடைசியில் கோப்பின் பெயர். நாலு நிமிஷம். 3.6. பிறகு பழைய ஒற்றைக் கோட்டோடு ஓட்டி, திரை முழுக்க சி வரவைத்தேன்.

"மிஸ், இது தப்பு. எங்கப்பாவுக்கு இப்படி வரவே வராது!" எல்லார் வீட்டிலும் ஒரு ஷிஃப்ட். நாற்பது பேரும் ஒரே கத்தல். ஏன் தப்பு என்று கேட்டேன். மூன்றாவது வரிசைப் பெண் எழுந்து, "மிஸ், மிச்சத்தை வெட்டணும்" என்றாள். கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஹெச்.எம். சொன்னது, "சொல்லி அனுப்பறோம்." அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஜூன் 15, சனி.

பன்னிரண்டே காலுக்குப் போன். திங்களிலிருந்து வரச் சொல்கிறார்கள்.

வரச் சொல்கிறார்கள்!

இவர் மைன்ஸில், போன் எடுக்க முடியாது. இரண்டு மணி நேரம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பஸ் சத்தம் கேட்டதும் செருப்புப் போடாமல் தெருமுனைக்கே ஓடிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். வழக்கம்போல் நான் வாங்கிக்கொண்ட டிபன் பாக்ஸை என் கையிலிருந்து திரும்ப வாங்கித் தானே தூக்கிக்கொண்டார். பாதி வழியில்தான் கேட்டார்.

"உனக்கு எந்த ஷிஃப்ட்டு?"

பதினோரு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

"ஜெனரல்," என்றேன்.