அக்காவின் பள்ளிக்கூட இதழ்

மார்ச் 4, செவ்வாய்

தபாலில் அக்காவின் பள்ளிக்கூட இதழ் வந்தது. பழைய மாணவர்களுக்காக வருடத்துக்கு இரண்டு முறை அச்சடித்து அனுப்புகிறார்கள். கல்யாணமாகிப் போய் இருபது வருடமாகியும் அக்கா இந்த விலாசத்தை மாற்றவில்லை. அம்மா படிப்பாள் என்று விட்டுவைத்திருக்கிறாள். இன்று டயப்பரைக்கூட மாற்ற விடவில்லை அம்மா. "இரு, முதல்ல அதைப் படி."

'நம் மாணவர்கள் இன்று' பக்கம். ஒருவன் இதய நிபுணர். ஒருத்தி வங்கியில் துணைத் தலைவர். ஒருவன் ஏதோ மலையில் ஏறி இறங்கியிருக்கிறான். அடுத்தது அக்கா. "உள்ளலங்கார நிறுவனம் நடத்திவரும் இவர், இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையிலிருக்கும் தாயாரை நான்கு ஆண்டுகளாகத் தம்முடனேயே வைத்துப் பராமரித்து வருகிறார்."

நான்கு ஆண்டு என்பது சரி. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையை விட்டு நான்கு ஆண்டு ஆகிறது.

"அம்மா, இது பொய்."

"மறுபடி படி," என்றாள்.

மறுபடி படித்தேன்.

மார்ச் 6, வியாழன்

முதுகில் பவுடர் போடும்போது கேட்டேன், உனக்கு உறுத்தவே இல்லையா என்று.

"அவளுக்குப் பேர் வரட்டுமேடி. உனக்கு அந்தப் பேரை வச்சு என்ன ஆகப்போகுது?"

சரிதான். என்ன ஆகப்போகிறது? ஆனால் பவுடர் டப்பாவை வேண்டுமென்றே எட்டாத இடத்தில் வைத்தேன். அது மட்டும் நிஜம்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் போன். கோபமாகப் பேசத் தயாராக இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். இதழாசிரியர் நேரில் வந்து பேட்டி எடுக்கப் போகிறாராம், படங்களோடு. "என் வீட்டுக்கு அம்மாவைக் கொண்டுவர முடியாது, லிஃப்ட் சின்னது. பேட்டியை அங்கயே வச்சுக்கறேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் எல்லாம் பாத்துக்கறேன்."

எல்லாம் பார்த்துக்கொள்கிறாளாம்.

மார்ச் 28, வெள்ளி

அக்காவின் ஆட்கள் இருவர் வந்து திரைச்சீலை மாற்றினார்கள். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த என் கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளினார்கள். மருந்துத் தட்டு, பெட் பேன், ரப்பர் விரிப்பு எல்லாம் என்னோடு பின்னறைக்கு வந்துவிட்டன. அம்மா புதுத் தலையணையில் சாய்ந்துகொண்டு, "வீடு மாதிரி இருக்கு இப்பதான்," என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இது நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

பதினொரு மணிக்கு இதழாசிரியர் வந்தார். ஒல்லியான, பணிவான அம்மாள். கூட ஒரு போட்டோக்காரர். அக்கா அம்மாவுக்கு ஸ்பூனால் சூப் கொடுக்கிற மாதிரி ஒரு படம். படத்துக்காக ஸ்பூனை நெற்றி உயரத்தில் பிடித்தாள். அம்மாவுக்கு எந்தப் பக்கம் வாயில் விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது; இடது பக்கம் விட்டால் புரை ஏறும். ஏறியது. நான் ஓடிப்போய் முதுகைத் தட்டினேன். ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

"இவங்க?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அம்மாவைப் பாத்துக்க வச்சிருக்கோம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு நினைவு தப்பவில்லை, காது மந்தமில்லை. ஆசிரியரைப் பார்த்துச் சிரித்து, "நல்ல பொண்ணு. கை சுத்தம்," என்றாள்.

கை சுத்தம். திருட மாட்டாள் என்று. பெற்றவள் வாயால்.

நான் என்ன செய்தேன்? சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கழுவினேன். வேறென்ன செய்திருக்க முடியும் — கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்தப் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில நீயும்தான் பாஸ் பண்ணே. ஒருத்தியைத்தான் அனுப்ப முடிஞ்சுது. அவ அங்க போகாட்டி ஒண்ணுமில்லாமப் போயிருப்பா. நீ எங்க கிடந்தாலும் பொழச்சுக்குவே."

நானும் பாஸ் செய்தேன் என்பது நாற்பத்து நான்கு வயதில், இன்றுதான் எனக்குத் தெரியும். ஃபெயில் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மே 3, சனி

அக்காவுக்கு விருது. பள்ளிக்கூட அரங்கத்தில் ஜூன் பதினாலு. அம்மாவைச் சக்கர நாற்காலியில் மேடையருகே கொண்டுவர வேண்டுமாம். "வேன் அனுப்பறேன். நீ கூட்டிட்டு வந்துட்டு ஓரமா நில்லு, போதும்," என்றாள். சரி என்றேன்.

மே 5, திங்கள்

கண்ணாடிக் கடை முதலாளியம்மாவைப் போய்ப் பார்த்தேன். லென்ஸ் அறுக்க இப்போது புது மெஷின், ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்றார். ஜூன் பதினாறு வருகிறேன் என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

அம்மாவுக்குத் தலை வாரி, நகம் வெட்டி, நல்ல உடை போட்டேன். இரண்டு பெரிய பைகள். ஒன்றில் துணி, டயப்பர், ரப்பர் விரிப்பு. இன்னொன்றில் மருந்து, எது எப்போது என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். "எதுக்குடி இவ்வளவு?" என்றாள். "வழியில தேவைப்படும்."

அரங்கம் நிறைய நல்ல துணி போட்ட ஆட்கள். மேடையில் அக்கா பேசினாள், கண் கலங்கினாள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். இறங்கி வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். இதழாசிரியரும், அவளோடு படித்த நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள். நான் பைகளை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டினேன்.

"மேடம், இன்னையோட நான் வேலையிலிருந்து நின்னுக்கறேன். மருந்துச் சீட்டு இதுல இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும்."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வாள்?

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "என்னடி பண்றே? அடியே!"

ஆசிரியர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வலித்திருக்கும். கட்டைவிரல் வரவில்லை, மடக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

வேலை. புது மெஷினில் இரண்டு லென்ஸ் உடைத்தேன். அக்கா பதினொரு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

அக்காவிடமிருந்து செய்தி: "ஹோம்ல சேத்துட்டேன். இப்ப திருப்தியா?" கீழே விலாசம்.

அவள் வீட்டில் ஒன்பது நாள்.

திருப்தியா? தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். சுத்தமான இடம், ஆறு கட்டில் போட்ட அறை. அம்மா முகம் சுருங்கியிருந்தது. நர்ஸ் புரட்டிக் காட்டினார்: முதுகின் கீழே உள்ளங்கை அளவுக்குப் புண். நான்கு வருடத்தில் ஒரு கொப்புளம் வர விட்டதில்லை நான். இங்கே வரும்போதே இருந்ததாம். அந்தப் புண்ணில் பாதி என்னுடையது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"இவங்க பொண்ணு பெரிய பள்ளிக்கூடத்துல படிச்சவங்களாமே? விருதெல்லாம் வாங்கியிருக்காங்களாம். தினம் அதே பேச்சுதான்," என்றார் நர்ஸ். அந்தப் பெண் வந்தாளா என்று கேட்டேன். சேர்த்த அன்றைக்கு வந்ததுதான் என்றார்.

உட்கார்ந்து சூப் கொடுத்தேன், வலது பக்கமாக. முழுக்கக் குடித்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். எதுவுமில்லை. அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று எழுந்தபோதுதான் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி குனியச் சொன்னாள்.

"வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வா. ஒருவேளை அன்னைக்கு அக்கா வந்தாலும் வருவா. நீயும் இருந்தா அவளுக்குச் சங்கடம்."

ஜூலை 13, ஞாயிறு

போன் பண்ணவில்லை. போகவும் இல்லை. மத்தியானம் வரை தூங்கினேன்.