சென்னைக்குப் போகாத டாக்டர்

இருதய மேற்படிப்புக்கு டாக்டர் நர்கீஸுக்குச் சென்னையில் இடம் கிடைத்திருந்தது. சேர இன்றுதான் கடைசி நாள். "நீ போயிட்டா அத்தாவ யாரு பாப்பா?" என்று தன் தகப்பனாரை நினைத்து நேற்றுக் கேட்ட கணவன் அப்பாஸ், விடிந்ததும் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போய்விட்டான். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அவனுக்குச் சீட்டு எழுதினாள்.

"ஏங்க, குழம்பு அடுப்பு மேல இருக்கு. மாமாவுக்கு உப்புக் கம்மியா வெஞ்சனம் தனியா மூடி வச்சிருக்கேன். மாத்திக் குடுத்துராதீங்க. இன்னொரு சாவி எதுத்த வீட்டுல."

உள்ளேயிருந்து மாமனார் கேட்டார். "எம்மா, சென்னைக்கா கிளம்புற?"

"இல்ல மாமா, ஆஸ்பத்திரிக்குத்தான்."

அவர் நிம்மதியாக மூச்சுவிட்டது அவளுக்குக் கேட்டது. போன மாதம் அவருக்கு வந்தது வாயுப்பிடிப்பில்லை, மாரடைப்பு என்று கண்டுபிடித்துப் பிழைக்க வைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டினாலே அவருக்குப் பயம்.

அவர்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. மறுபடி பேனாவை எடுத்தாள்.

"சென்னை சீட் வேணாம்னு சொல்லிட்டேன். நான் மனசார சம்மதிச்சேன்னு மட்டும் யாருட்டயும் சொல்லாதீங்க."

கையெழுத்துப் போட்ட பிறகு, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"மாமாவுக்கு நெஞ்சு வலிச்சா உடனே கூப்புடுங்க. வேற எதுக்கும் இன்னிக்கு எனக்குப் போன் பண்ணாதீங்க."