வீட்டில் எத்தனை பேர்

மார்ச் 14, 2020

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கடிதம் வந்தது. கோழித் தொழிற்சாலையிலிருந்து வந்த என் கணவன் எவாரிஸ்தோ உறையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனான்.

"என்னைச் சேர்க்காத, ஓத்தி. எழுதிக் குடுத்தா குடியேற்றப் போலீஸ் நேரா வாசல்ல வந்து நிக்கும்."

எனக்கு அமெரிக்கக் குடியிருப்புக் காகிதம் உண்டு, மகள் யாரேலி இங்கே பிறந்தவள். இவனுக்குத்தான் ஒன்றுமில்லை. 2010இல் கணக்கெடுக்க வந்தவளிடம் "ரெண்டு பேர்" என்றேன். மூன்றாவது ஆள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒடுங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவள் போனபின் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பெயர்களை எழுபத்திரண்டு வருடம் பூட்டிவைப்பார்கள் என்று பாதிரியார் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப எனக்கு நூத்திப் பதினேழு வயசு. பிடிக்க வரட்டும், நானே கதவைத் திறந்து விடுறேன்."

சொல்லிவிட்டு உறையை ஃபிரிட்ஜின் மேலே தூக்கிப் போட்டான்.

மார்ச் 29

எவாரிஸ்தோவுக்கு இருமல். ஆனாலும் வேலைக்குப் போனான். நான் தடுத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 1

மருத்துவமனையில் சேர்த்தோம். என்னை உள்ளே விடவில்லை.

ஏப்ரல் 9

போய்விட்டான். நர்ஸ் அவன் காதில் போனைப் பிடித்தாள். என்ன சொல்வது? "சாப்பிட்டியா"ன்னு கேட்டேன். அதையா கேக்கணும், பாவி நான்...

ஜூன் 20

அவனுடைய ரப்பர் பூட்ஸ் இன்னும் வாசலில்தான் இருக்கிறது. எடுக்க மனமில்லை.

ஆகஸ்ட் 22

கதவைத் தட்டினாள் கிரிசெல்டா, எங்கள் கோவிலில் பாடுகிறவள். கழுத்தில் கணக்கெடுப்பு அட்டை.

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி இந்த வீட்டுல எத்தனை பேர்க்கா?"

"ரெண்டு." பழகிய வாய்.

அவள் எழுதவில்லை. பூட்ஸைப் பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு உயிரோட இருந்தவங்க எல்லாரும் கணக்குதான். ஆஸ்பத்திரில இருந்தாலும்."

சேர்க்காதே என்று சொன்னவனாயிற்றே. அவன் பேச்சை மீறலாமா? பிடித்துவிடுவார்கள் என்றுதானே பயந்தான். இனி யார் பிடிப்பது?

"மூணு," என்றேன்.

பெயர் கேட்டாள். தொழிற்சாலையில்கூட அவன் வேறு எவனோ ஒருவனின் பெயரில்தான் வேலை பார்த்தான். இந்த நாட்டில் முதல் தடவையாக, அப்பா வழிப் பெயரும் அம்மா வழிப் பெயரும் சேர்த்து, முழுப் பெயரையும் ஓர் அரசாங்கக் காகிதத்துக்காகச் சத்தமாகச் சொன்னேன்: எவாரிஸ்தோ சோக் இகல்.

"பூர்வீகம்?"

"குவாத்தமாலா."

"இனம்? வெள்ளையா, கறுப்பா, வேற எதாவதா?"

"கோழி வெட்டி வெட்டி அவன் கை வெளுத்துப் போச்சு. நீயே எதையாவது போடு."

கிரிசெல்டா சிரித்தாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 3

பூட்ஸைக் கழுவி உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 15, 2021

செய்தித்தாளில் கணக்கெடுப்பு முடிவுகள், எங்கள் ஜார்ஜியா மாநில வரைபடத்தோடு. நம் லத்தீன் அமெரிக்க ஆட்கள் அதிகமுள்ள மாவட்டங்கள் அடர் சிவப்பு, குறைந்தவை வெளுப்பு.

"அம்மா, நம்ம மாவட்டத்தைப் பாரேன், எப்படிச் செவந்திருக்கு!" என்றாள் யாரேலி. கீழே எண் போட்டிருந்தது. அதில் கடைசியாகச் சேர்ந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

2010இல் வீட்டில் மூன்று பேர், கணக்கில் இரண்டு. இப்போது கணக்கில் மூன்று.

யாரேலி படத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. அவளாகவே அன்று அவன் ஒடுங்கி நின்ற பக்கத்தில்தான் ஒட்டினாள்.