ஊருணி வழக்கும் உன் மாமாவும்

அன்பு மகன் பாண்டிமுருகனுக்கு, காரைக்குடியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், மனசும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் சித்ராவும் பேத்தியும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சேவுகப்பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே இரண்டு நாளாக நல்ல மழை, கொல்லைச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது, கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். என் முழங்கால் வலி பரவாயில்லை. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடும்.

மாமா தவறிப்போன செய்தியைச் சொன்ன அன்று, நான் வந்து யார் பக்கம் நிற்கிறது என்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். என் அண்ணன் முத்துவீரன்தான் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தது, அதை நான் மறக்கவில்லை. அப்பா பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், பம்புசெட்டுக் கிணற்றில் நீச்சல் பழக்கியதும், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் அவர்தான். அப்பா ஹவில்தாராகத் திரும்பி வந்தபோது நீ அவரைப் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாய். வந்தவர் வீட்டோடு இருந்தாரா, பட்டாளத்திலேயே தபாலில் படித்து டிகிரி வாங்கியிருந்தார், சட்டம் படிக்கிறேன் என்று மதுரைக்குப் போய்விட்டார். நாற்பது வயதில் கறுப்புக் கோட்டுப் போட்டவரை ஊரில் பட்டாளத்து வக்கீல் என்று கேலியாகத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அந்த வருஷங்களிலும் நமக்குச் சோறு வந்தது மாமா வீட்டிலிருந்துதான். அதனால் நீ அவர் மேல் வைத்திருந்த பாசத்தை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மாமா மேல் அப்பா நடத்திய அந்த வழக்கு எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது, நீ அப்போது சென்னையில் வேலையில் இருந்தாய். நாச்சியாபுரம் பக்கம் என் பிறந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு அந்த ஊருணி ஒன்றுதான். மாமா கல்யாண மண்டபம் கட்டும்போது சாப்பாட்டுக் கூடத்தை வரத்துக்கால் மேலே இழுத்துக் கட்டிவிட்டார். மழைத் தண்ணீர் ஊருணிக்கு வருகிற வழியே அதுதான். வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன், ஊரே நம்முடையது என்கிற நினைப்பு அவருக்கு. அடுத்த கோடையில் ஊருணி சேறாகிவிட்டது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். அப்பா போய், கூடத்தை ஒரு ஓரம் ஒதுக்கி வரத்துக்காலுக்கு வழி விடுங்க மச்சான் என்று கேட்டார். நானும் போய்க் கேட்டேன். கோர்ட்டில் பேசுவதை வீட்டில் பேச வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். சொன்னதோடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று இலையும் போட்டார், அதுதான் உன் மாமா.

அதற்குப் பிறகுதான் செம்மலை என்கிற விவசாயி ஊர்க்காரர்கள் சிலரோடு நம் வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டி வரவில்லை. "வக்கீலய்யா, மச்சானாச்சேன்னு ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாம்னு சொல்லிருங்க, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம், வேற ஆளப் பாத்துக்கிறோம்" என்றார். அப்பா மறுநாள் சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் கோயிலுக்குப் பஸ் ஏறினார். அப்பாவுக்குச் சேவுகன் என்று வைத்ததே அந்த அய்யனார் பேரைத்தான், பனிமலையில் காவல் நின்றபோதும் பெட்டிக்குள் அவர் படத்தை வைத்திருந்த மனிதர். சாயங்காலம் திரும்பி வந்து என்னிடம், "யோகம், கண்மாய்க்கும் கரைக்கும் காவல் நிக்கிற சாமி அவரு. அவரு திருநீற நெத்தியில பூசிக்கிட்டு, தண்ணி வார வழிய அடைச்சது என் மச்சான், நான் வாய் தெறக்க மாட்டேன்னு எப்பிடிச் சொல்லுவேன்" என்றார். இவர்களை வேறு வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள் என்று நான் அழுதேன். பின்னாலிருந்து சொல்லிக் கொடுத்துவிட்டு முன்னால் இன்னொருவரை நிறுத்துவது ஒளிந்துகொள்கிற வேலை, அதற்கு நான் பட்டாளத்தில் பழகவில்லை என்று சொல்லிவிட்டார். அவரே போட்டார், அவரே மதுரையில் நின்று வாதாடினார். தீர்ப்பு வந்து சாப்பாட்டுக் கூடத்தை இடித்தார்கள். அன்றைக்கு மாமா என்னிடம் ஆள் விட்டு, எனக்குத் தங்கச்சி இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். உன் கல்யாணத்தன்று முகூர்த்தம் வரைக்கும் நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய், தாய்மாமன் வரவில்லை. அப்பாவும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதை நீ கவனிக்கவில்லை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஊருணி நிறைந்தது. ஊர்க்காரர்கள் அப்பாவுக்கு மாலை போட வேண்டும் என்று வந்தார்கள், வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி உள்ளே உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அவர் சொன்ன பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது மாமாவின் கடைசி நாட்களைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மாமாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நானும் அப்பாவும் போனோம். உன் அத்தை பொன்னுத்தாயி மதினி வராந்தாவிலேயே எங்களை நிறுத்திவிட்டார். அவுக இப்பத்தான் கண்ணசந்தாக, எழுப்ப வேணாம், இன்னொரு நாள் வாங்க என்றார். அப்பா கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சரிம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். ஒரு எட்டு உள்ளே போயிருக்கலாம், நானாவது இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அடுத்த வாரம் வரலாம் என்று நினைத்தோம். அந்த வாரத்துக்குள் மாமா போய்விட்டார்.

இழவு வீட்டில் அப்பாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் வாங்க என்றும் சொல்லவில்லை. கோடி வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நின்றார். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க எல்லோரும் ஊருணிக்குப் போனார்கள். தண்ணீர் படித்துறையின் மேல்படி வரைக்கும் கிடந்தது. மாமா மகன் அழகுராஜா, உன் கூடவே வளர்ந்தவன், குடத்தை முக்கிவிட்டுக் கரையேறி அப்பா முன்னால் வந்து நின்றான். "மாமா, நீங்களும் ஒரு கொடம் எடுங்க. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வரும்போது தண்ணீர் பாதி அவர் மேலேயே கொட்டிவிட்டது.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு மாமா தூங்கவில்லையாம். அப்பாவைப் பார்த்தால் மாமாவுக்குக் கோபம் வந்து மூச்சு வாங்கிவிடுமோ என்று பயந்து மதினி தானாகவே சொன்ன வார்த்தையாம் அது. வராந்தாவில் குரல் கேட்டு மாமா யார் என்று கேட்டிருக்கிறார், மதினி நர்சு என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் மாமாவாகவே, "மாப்பிள்ளை வந்த மாதிரி இருந்துச்சே, வந்தாகளா? வந்தா உள்ள வரச் சொல்லு" என்றாராம். மதினி எங்களுக்குச் சொல்லி அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மதினி மேல் எனக்குக் கோபமில்லை, புருஷன் உயிருக்குப் பயந்த பெண் வேறு என்ன செய்வாள்.

இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் மனசுக்குள்ளேயே புழுங்கினேன். கடைசியில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை என்றா சொன்னார் என்று மட்டும் கேட்டார், ஆமாம் என்றேன். பிறகு, "வழக்குப் போட்டது சரிதான், நாளைக்கும் அதத்தான் சொல்லுவேன். ஆனா நானே போட்டிருக்க வேணாம் யோகம்" என்றார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்துவிட்டேன், தான் செய்த ஒன்றை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றையிலிருந்து கோர்ட்டுக்குப் போகவில்லை. கையில் இருந்த வழக்குக் கட்டுகளையெல்லாம் ஜூனியர் ஏகப்பனிடம் ஒப்படைத்துவிட்டார். கோயிலுக்குப் போகிறார், வருகிறார், கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று என்னிடம், முருகன் என்ன சொல்றான், அவனுக்கு அங்க மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா என்று கேட்டார்.

நீ யார் பக்கம் நிற்கிறது என்று கேட்டாயே, இனிமேல் பக்கம் என்று என்னப்பா இருக்கிறது. ஒருவர் போய்விட்டார், இருக்கிற ஒருவரும் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவர். நீ உன் அப்பா செய்தது சரி என்று சொல்ல வேண்டாம், அவர் அதைக் கேட்கவுமில்லை. உள்ளே வரச் சொல்லு என்று உன் மாமா சொன்னதை மட்டும் நினைத்துப் பார். அழகுராஜாவிடமும் பேசு, அவன் உன் நம்பரைக் கேட்டான், கொடுத்திருக்கிறேன்.

சித்ராவை வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல், பேத்தியிடம் வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். சேவுகப்பெருமாள் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என் போனுக்குக் கூப்பிட்டு அவரிடம் கொடு என்று சொல்லாதே, அப்பா நம்பருக்கே கூப்பிடு. இங்கே காலையில் கோயிலிலிருந்து வந்து தனியாகத்தான் இருப்பார், உனக்கு அது பொழுது சாய்கிற நேரம். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா யோகலட்சுமி