நீ மொழி மாறியது ஆசையால் அல்ல

ஃபிளெக்ஸ் பேனரின் பெயின்ட் வாடை இன்னும் என் துப்பட்டாவில் இருக்கிறது. நேற்று, நாம் படித்த கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில், அந்தப் பேனருக்கு நேர் கீழேதான் என்னை உட்கார வைத்தார்கள். மின்விசிறிக் காற்றில் அது அசையும்போதெல்லாம் நெடி மூக்கில் ஏறியது. பேனர் முழுக்க உன் முகம். உன் உம்மா கொடுத்த போட்டோவிலிருந்து உன்னை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல நிறத்தில் ஒன்றும் பூஜ்யமுமாகக் கொட்டியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘மொழிக்கு மொழி தாவிய அறிவுத் தாகம்.’

தாகமாம். நீ இருந்திருந்தால் மேடையேறிக் கிழித்திருப்பாய். நீ இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்.

இறுதியாண்டு மாணவர்களுக்கான கூட்டம் அது. ‘நிரலாளர்கள் ஏன் மொழி மாறுகிறார்கள்?’ என்பது தலைப்பு. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் மொழிகளைத்தான் சொன்னார்கள். பேச வந்தவர் சென்னையிலிருந்து வந்த நம் பழைய மேனேஜர். அவர் பெயரை இங்கே எழுத என் கை வரவில்லை. மைக்கைப் பிடித்து, உன் படத்தைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, “இந்தப் பொண்ணுக்குப் பழசு சீக்கிரம் அலுத்துரும். புது மொழி வந்தா முதல் ஆளாப் படிச்சிருவாங்க. நீங்க எல்லாரும் அப்படி இருக்கணும்” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டியோடு உட்கார்ந்திருந்த உன் உம்மாவும் கைதட்டினார்கள். காலையில் ஏர்வாடியிலிருந்து பஸ் ஏறி, இதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். தட்டி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, எம் புள்ள அம்புட்டு ஆசையாவா படிச்சுச்சு?” என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி எனக்குள் நேற்றிலிருந்து எரிகிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஆசையாகப் படித்த காலமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் மாற்றம் அப்படியா நடந்தது? இராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேலே நம் முதல் வேலை. கடைகளுக்கும் ஐஸ் பிளான்ட்டுகளுக்கும் விஷுவல் பேசிக் என்ற மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தோம். நீ ஏர்வாடியில் ஏறி, எனக்காக ஜன்னலோர இருக்கையில் பையை வைத்துப் பிடித்துக்கொண்டு வருவாய். திருப்புல்லாணி விலக்கில் நான் ஏறுவேன். பஸ் முழுக்க நம் பேச்சு நிரலைப் பற்றித்தான். பக்கத்தில் இருப்பவர்கள் நாம் வேறு நாட்டுக்காரிகள் என்பதுபோலப் பார்ப்பார்கள். அந்த மொழியை நீ கையைப்போலப் பழகியிருந்தாய். பிறகு அந்த மொழியை உருவாக்கிய கம்பெனியே அதைக் கைவிட்டது. புது கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரர்கள் ஒவ்வொருவராக, “உங்க சாப்ட்வேர் ஓட மாட்டேங்குதும்மா” என்று வந்து நின்றார்கள். “நான் என்னடி தப்பு செஞ்சேன்? அவன் கடைய மூடிட்டுப் போயிட்டான். நான் தெருவுல நிக்கிறேன்” என்றாய். அன்று நீ மொழி மாறவில்லை. குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டாய்.

அடுத்த மொழி பி.எச்.பி. வேறு கதை. அதைத்தான் நீ விரும்பிப் போய்ச் சேர்ந்தாய். மதியம் எழுத உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஊரே பார்க்கிற மாதிரி ஓர் இணையப் பக்கம் வந்துவிடும் என்பது உனக்குக் கொள்ளை ஆனந்தம். “ஒருத்தன் கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம்டி!” என்று நாற்காலியோடு சுற்றினாய். மொழி மாறுகிறவர்களில் இப்படி மனம் நிறைந்து மாறுகிறவர்கள் உண்டு. சம்பளத்துக்காக மாறுகிறவர்கள் உண்டு. கூட்டாளி போனான் என்று பின்னால் போகிறவர்களும் உண்டு. அதில் எதுவும் குற்றமில்லை. எதையும் விசாரிக்காமல் எல்லாவற்றுக்கும் தாகம் என்று பெயர் வைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மொழியில்தான் நீ காற்று எச்சரிக்கைச் சேவையை எழுதினாய். கடலோர ஊர்களில் வள்ளம் வைத்திருக்கும் வீடுகளின் போனுக்கு, மறுநாள் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று சாயங்காலமே தமிழில் குறுஞ்செய்தி போகும். சாதாரண பட்டன் போனிலும் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் பிடிக்கும் கம்ப்யூட்டர், ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று இடமோ அதற்கு மேலோ பிடிக்கும். அதைக் கவனிக்காமல் நீளத்தை அளந்தால் தமிழ் வாக்கியம் பாதியில் அறுந்துவிடும். அதற்கென்றே எழுத்துகளைச் சரியாக எண்ணும் ஒரு பகுதியை உட்கார்ந்து எழுதினாய். அது ஒழுங்காக வேலை செய்தது. யாரும் உன்னைப் பாராட்டவில்லை. ஒழுங்காக வேலை செய்வதை யார் பார்க்கிறார்கள்?

பிறகு நம் சின்னக் கம்பெனியைச் சென்னைக் கம்பெனி வாங்கியது. இந்த மேனேஜர் திரையில் தோன்றி, எல்லாவற்றையும் ஒரு புது மொழியில் திருப்பி எழுத வேண்டும் என்றார். ஏன் என்று நீ கேட்டாய்.

“எல்லாரும் மாறிட்டாங்கம்மா. இன்னும் பி.எச்.பி.ன்னு சொன்னா கிளையன்ட் சிரிப்பான்.”

“சரி சார். தமிழ் எழுத்த எண்ணுற பகுதிய மட்டும் நானே மாத்தித் தாரேன். அதுக்குக் கொஞ்சம் நாள் குடுங்க.”

“அதெல்லாம் புது மொழியோட ரெடிமேட் லைப்ரரியே பார்த்துக்கும். நீங்க பழைய மொழியிலேயே நின்னுட்டீங்க. உங்களுக்கு வேற வேலை தரேன்.”

அவ்வளவுதான். நீ பெற்றதை உன் கையிலிருந்து வாங்கி, கடலையே பார்த்திராத ஒரு குழுவிடம் கொடுத்துவிட்டு, உன்னை ஏதோ வங்கிக்கான நிரல் வேலையில் போட்டார்கள். நேற்று ‘முதல் ஆளாப் படிச்சிருவாங்க’ என்ற வாய்தான் அன்று ‘நின்னுட்டீங்க’ என்றது.

புது நிரல் ஓட ஆரம்பித்த முதல் சில நாள்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்று இல்லாத நாளில் செய்தி சின்னது. ‘நாளை கடலுக்குச் செல்லலாம்.’ அது முழுசாகப் போய்ச் சேர்ந்தது. காற்று எழுந்த நாளில்தான் பெரிய செய்தி போயிற்று. ‘நாளை காலை முதல் தெற்கிலிருந்து காற்று மாறும். கடலுக்குச் செல்ல’ என்று வந்து, அதன்பின் எழுத்துக்குப் பதில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் நின்றது. ‘வேண்டாம்’ போய்ச் சேரவில்லை. தினமும் ‘செல்லலாம்’ என்று படித்துப் பழகிய கண்கள், அறுந்த சொல்லையும் அப்படியே படித்துக்கொண்டன.

உன் ஊர்க் கடற்கரையிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வள்ளத்தில் போனார்கள். காற்று கவிழ்த்துப் போட்டது. பின்னால் வந்த வள்ளத்துக்காரர்கள் தூக்கிவிட்டதால் உயிர் பிழைத்தார்கள். ஆனால் என்ஜினுக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கிய அண்ணனின் வலது கை நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். வலை இழுத்த கை.

சேதி தெரிந்ததும் நீ என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாய். அவர் மனைவி உன்னைப் பார்த்து அழவில்லை, திட்டவுமில்லை. போனை எடுத்து நீட்டினார். “நீங்களே படிங்க. செல்லன்னு போட்டுருக்கு. செல்லணுமா, செல்லக்கூடாதா? அத நாங்களா கண்டுபிடிக்கணும்?” என்றார். நீ அந்தப் போனை வாங்கிப் பார்த்தபடியே நின்றாய்.

மறுநாள் மேனேஜர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். ‘பழைய நிரலிலிருந்து தொடர்ந்த குறை’ என்று அதில் எழுதியிருந்தது. பழைய நிரல் என்றால் நீ. நான் கத்தினேன், நினைவிருக்கிறதா? “அவனுகளே கட்டிக்கிட்டு அழட்டும். நீ திரும்பிப் பாக்காத” என்றேன். நீ அதற்குள் அந்தப் புது மொழியின் பாடங்களைத் திறந்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தாய்.

“அந்த எழவெடுத்த மொழிய நீ ஏன்டி படிக்கணும்?”

“மெசேஜு இப்ப அந்த மொழியிலருந்துதானடி போகுது. நான் இங்கன உக்காந்து கோவப்பட்டா, அங்கன அறுந்து கெடக்குற எழுத்து தானா சேந்துக்கிருமா?”

பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய். “நானும் ‘வேண்டாம்’ங்கிறதக் கடைசியிலதானடி வச்சேன். அறுந்தா அதுதான் மொதல்ல போகும்னு எனக்கும் தோணல.”

சாப்பாட்டைக்கூட மேசைக்கே கொண்டுவரச் சொல்லி அந்த மொழியைப் படித்தாய். பிடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாய். எண்ணும் பகுதியை அதில் மறுபடி எழுதினாய். வாக்கியத்தையும் மாற்றினாய். ‘போகாதீர்கள்’ என்று முதல் சொல்லிலேயே வரும்படி செய்தாய். மேனேஜர் அதை வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. சில மாதம் கழித்து, இலாபமில்லை என்று சேவையையே நிறுத்தினார். அப்போது நீ வேலையை விட்டாய். மீனவப் பெண்களின் சங்கம் ஒன்று பொறுப்பெடுத்துக்கொள்ள, உன் வீட்டு மாடியிலிருந்து நீயே அதை ஓட்டினாய். பிறகு இரத்தத்தில் நோய் வந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதன்மேல் எனக்கிருக்கும் கோபத்தை எந்த மேனேஜரிடம் போய்ச் சொல்வது?

நேற்று அவர் உட்காரப் போகும்போது நான் எழுந்து மைக்கைக் கேட்டேன். உன் ஒவ்வொரு மாற்றத்தையும் சொன்னேன். அறுந்துபோன செய்தியையும் அந்தக் கையையும் சொன்னேன். அவர் சிரித்தபடி, “அம்மா, இது அவங்களக் கொண்டாடுற நேரம். இதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார். கல்லூரிக்காரர் ஒருவர் மைக்கை வாங்க என்னை நோக்கி வந்தார்.

“அது பேசட்டும் சார்” என்றது ஒரு குரல். உன் உம்மா. எழுந்து நின்றிருந்தார்கள். மைக்கை வாங்க வந்தவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

நான் பேசி முடித்ததும் நடு வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள், “அப்ப நாங்க மொழி மாறணுமா வேணாமா மேடம்?” அந்தக் கேள்வியின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவும் சொன்ன பிறகு இதுதானா என்று. ஆனால் அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டாள். “மாறத்தான் வேண்டியிருக்கும். மாறும்போது உங்க நிரல நம்பி இருக்கிறவங்கள நடுவழியில விட்றாதீங்க” என்றேன். மேனேஜர் காபிக்கு நிற்காமல் கார் ஏறிப் போனார். மன்னிப்பு கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் நினைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் உம்மா கேட்டார்கள், “எங்கிட்ட ஏம்மா இத்தன நாளும் சொல்லல?”

“அவதான் சொல்ல வேணாம்னா உம்மா. உங்களுக்குத் தூக்கம் போயிரும்னு.”

“தாகம்னு அவரு சொன்னப்ப பெருமையா இருந்துச்சு. இப்ப வயிறு எரியுது.” துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். “அந்தப் பெருமை வேணாம், இதுவே இருக்கட்டும்மா. இது எம் புள்ளையோடது.”

இன்று உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. உனக்குப் பிறகு சேவையை நான்தான் ஓட்டுகிறேன். செய்திகளை நமக்காக அனுப்பும் நிறுவனம், பழைய முறையை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. உன் நிரலை நான் இப்போது வேறொரு மொழிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்த மொழி பிடிக்கவில்லை. வரிக்கு வரி வைதுகொண்டேதான் எழுதுகிறேன். உன் எழுத்தெண்ணும் பகுதியை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை, எந்த லைப்ரரியையும் நம்பவில்லை. நானே தட்டுகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது இந்த வேலையும் இந்தக் கோபமும்தான். இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று ஓடாது போலிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் காற்று எச்சரிக்கை அனுப்பியிருந்தேன். காலையில், செய்தியின் கடைசியில் இருக்கும் என் நம்பருக்கு ஒரு பெண் போன் செய்தாள். யாரென்று எனக்குத் தெரியாது. கடலோரத்து வீடு, பின்னால் காற்று இரைவது கேட்டது.

“யாருங்க இந்த மெசேஜு அனுப்புறது? எங்க வீட்டு ஆளு என்னை ஏசிக்கிட்டு இருக்காரு. போன எங்கிட்டக் குடுத்ததே தப்பாம். பக்கத்தூருக்காரன் போயிருப்பானாம், இவரு மட்டும் வீட்டுல கெடக்காராம்.”

“போகலையா அவரு?”

“எங்கிட்டுப் போறது? படிச்சுக் காட்டிட்டேன்ல. டீயக்கூடத் தொடாம உம்முன்னு உக்காந்திருக்காரு.”

போனுக்குள் அந்த மனிதர் யாரையோ உரக்கத் திட்டுவது கேட்டது. என்னைத்தான் போலிருக்கிறது. அந்தப் பெண் வைக்கிறேன் என்றாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் வைக்காமல் பிடித்திருக்கச் சொல்லி, அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.