லேப்டாப் ஏற்காத பெயர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். அலுவலக லேப்டாப் கூரியரில் வந்தது. அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இன்னாடி, இவ்ளோ லேசா கீது?" என்றான்.

புது வேலை. வியாழன் பத்து மணிக்குப் பயிற்சி. வீட்டிலிருந்தே வேலை. மொபைல் ஹாட்ஸ்பாட் கூடாது, வீட்டு வைஃபைதான் என்று மெயிலில் தடித்த எழுத்தில் விதி. அதற்காகத்தான் போன வாரம் நெட் போட்டோம். அம்மா போனிலும் அண்ணன் போனிலும் நெட்காரரே சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அப்போது வீட்டில் இல்லை.

லேப்டாப்பில் வரவில்லை. பாஸ்வேர்டு தவறாம். எப்படித் தவறாகும்? அப்பா பெயர், எல்லாம் சின்ன எழுத்து என்று நெட்காரர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா பெயர் குழந்தைவேலு. kuzhandhaivelu. பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை என் எல்லாச் சான்றிதழிலும் இதே எழுத்து. இந்த வீட்டில் அதை இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

செய்தவை: லேப்டாப் ரீஸ்டார்ட். ரவுட்டரை அணைத்துப் போட்டது. நெட்வொர்க்கை அழித்துத் திரும்பச் சேர்த்தது. லேப்டாப்பை ரவுட்டரோடு ஒட்டி வைத்தது. பலன், ஒன்றுமில்லை. முதுகு வலி.

ஜூலை 9, புதன்

வெயில் கொளுத்துகிறது. பாஸ்வேர்டு (பா.வே.) முயற்சிகள்: kuzhanthaivelu. kulandaivelu. kolandaivelu. கடைசி u இல்லாமல் எல்லாம் இன்னொரு தடவை. இல்லை. இல்லை. இல்லை.

அம்மா போனில் பார்த்தால் பா.வே. புள்ளி புள்ளியாக இருக்கிறது. கேபிள் செருகலாம் என்றால் இந்த லேப்டாப்பில் அதற்கு ஓட்டையே இல்லை.

டீம் லீட் போன் செய்தார். "உங்க வீட்ல சிஸ்டம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா? அவங்ககிட்ட குடுங்க."

தெரிந்தவள் நான்தான் என்று வாயில் வரவில்லை. "சரி சார்."

"நாளைக்குப் பத்து மணிக்கு உள்ள வரலைன்னா இந்த பேட்ச்ல வேற ஆளைப் போட்டுடுவேன்."

"சரி சார்." ச்சே.

மதியம் அண்ணன்: "கரையான்சாவடில ஒரு கடை கீது. குட்த்துட்டு வா. உள்ள எதுனா கெட்டுப் பூட்டுக்கும்."

கொடுக்க மாட்டேன். அவன் போனை அந்தக் கடையில் பிரித்ததிலிருந்து ஸ்பீக்கரே வேலை செய்யவில்லை.

சாயங்காலம் நெட்காரருக்குப் போன். பின்னால் ஒரே ஹாரன். குமணன்சாவடி சிக்னலில் நிற்கிறாராம்.

"ஊட்ல ஆம்பள யாரும் இல்லியா பாப்பா? போன அவங்களாண்ட குடு. உனுக்கு இதெல்லாம் புரியாது."

வழக்கமாக இந்த இடத்தில் போனை நீட்டிவிடுவேன். அண்ணனும் கையை நீட்டிவிட்டான். தரவில்லை.

"எனக்குத்தாண்ணா நெட் வேணும். எங்கிட்டயே சொல்லுங்க. நீங்க டைப் பண்ணது இன்னா பேரு?"

"அதான் சொல்லிட்டுப் போனனே. உங்க நைனா பேரு."

"அந்தப் பேரைச் சொல்லுங்க."

"இன்னா, வெளாட்றியா? கொயந்தவேலு!"

"எழுத்து எழுத்தா சொல்லுங்கண்ணா."

"கே, ஓ, ஒய்..."

ஒய்.

koyandavelu. உடனே சேர்ந்துகொண்டது.

அண்ணன் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தான். "கரீட்டாத்தான் போட்டுக்கீறான். நம்ம ஊட்ல எவன் உன்னாட்டம் நாக்கை மடிக்கிறான்?"

கல்லூரியில் சேர்ந்த புதிதில் கேன்டீனில் ஒரு தடவை 'வாயப்பயம்' என்று சொல்லிவிட்டேன். படிப்பு முடியும்வரை அதுதான் என் பெயர். அதிலிருந்து பேச்சு குறைந்தது, ழ வந்தது. இரண்டு நாளாக அப்பா பெயரை எந்தெந்த விதமாகவோ போட்டுப் பார்த்தேன். தெருவில் அவரைக் கூப்பிடுகிற விதம் மட்டும் தோன்றவே இல்லை. அப்பாவே தன் பெயரை அப்படித்தான் சொல்வார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் சொன்னேன். "எம் பேரச் சொன்னாத்தான் நெட்டு வுடுதா?" என்று ரவுட்டரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றாமலேயே அம்மாவைக் கூப்பிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னார்.

ஜூலை 10, வியாழன்

விடியற்காலை மழை. கரண்ட் போகவில்லை. பத்துக்கு முன்பே உள்ளே. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள்.

டீம் லீட் எல்லார் முன்னாலும்: "வந்துட்டீங்களா? கடைசியில யாரும்மா சரி பண்ணிக் குடுத்தாங்க?"

சாட்டில் பதில் தட்ட ஆரம்பித்தேன். அழித்துவிட்டு மைக்கைத் திறந்தேன்.

"நான்தான் சார். பாஸ்வேர்டு எங்க அப்பா பேரு. நான் குழந்தைவேலுன்னு அடிச்சிகினு இருந்தேன். எங்க ஊட்ல கொயந்தவேலுன்னுதான் சொல்வோம்."

'அடிச்சிகினு' தவறி வந்தது. 'ஊட்ல' வேண்டுமென்றே சொன்னது.

ஒரு கட்டத்து முகத்தில் சிரிப்பு. கேமராவை அணைக்கவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தண்ணீர் குடிக்கத் திரும்பிக்கொண்டது.

டீம் லீட் தொண்டையைச் செருமினார். "சரி. முதல்ல யார் ஸ்கிரீன் ஷேர் பண்றீங்க?"

என் மைக் திறந்தேதான் இருந்தது.

"நான் பண்றேன் சார்."